எண் ஒட்டாத படங்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆர்டர் கைக்கு வந்து, நூல் வாங்கி, துணி பின்னி, சாயமேற்றி, வெட்டித் தைத்து, செக்கிங்கும் அயர்னிங்கும் முடிந்து, அட்டைப்பெட்டிகளில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்படும் வரையிலான மூன்று நான்கு மாதங்களில் எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பகுதி இன்று காகிதத்தில் எழுதப்படுவதில்லை. கழுத்துப் பட்டையின் அகலத்தைக் கால் அங்குலம் குறைக்கச் சொல்லும் பையரின் (ஆடைகளை வாங்கும் நிறுவனத்தின்) குறிப்பு, சாய நிறத்துக்கு வந்த ஒப்புதல், கப்பல் நாளைத் தள்ளிவைக்க இசைந்த ஒற்றை வரி, வரி இணையதளம் காட்டிய பிழைச் செய்தி, வங்கியில் பணம் செலுத்தியதாகச் சொல்லும் பக்கம் ஆகியவை யாரோ ஒருவருடைய கணினித் திரையில் சில நிமிடம் தோன்றி மறைகின்றன. மறைவதற்குள் அவற்றைப் பிடித்துவைக்கும் வழியாகத் திருப்பூரின் அலுவலக மேசைகளில் நிலைபெற்றிருப்பது ஸ்கிரீன் ஷாட். நூல்களில் இதைத் திரைப்பிடிப்பு என்று எழுதுவோர் உண்டு. அவிநாசி சாலையிலும் காங்கயம் சாலையிலும் உள்ள ஏற்றுமதி அலுவலகங்களில் எவரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால், இக்கட்டுரை புழக்கத்தில் உள்ள சொல்லையே கையாள்கிறது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் மதிப்புள்ள பின்னலாடைகளை ஏற்றுமதி செய்யும் ஓர் ஊர், தன் அன்றாட ஒப்பந்த நினைவின் பெரும்பகுதியை இந்தச் சிறு படங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. ஆனால் அவற்றை எடுப்பதற்கும் சேமிப்பதற்கும் ஒரு முறை இருப்பதாகப் பெரும்பாலான கம்பெனிகளில் யாரும் யாருக்கும் கற்றுத்தருவதில்லை. துணி வெட்டும் மேசையில் காட்டப்படும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தப் படங்களுக்குக் கிடைத்தாலும், ஷிப்மெண்ட் முடிந்தபின் எழும் வழக்குகளில் பல எழாமலே போகும்.

கட்டிங் மேசையின் வழக்கத்தை இங்கே சற்று விரிவாகக் காண்பது பொருத்தம். ஒரே நிறம் என்று சாயமிடப்பட்ட துணியிலும் ஒரு ரோலுக்கும் மறு ரோலுக்கும் கண்ணுக்கு எளிதில் பிடிபடாத ஷேடு வேறுபாடு இருக்கும். அடுக்கடுக்காக விரித்து வெட்டும்போது மேலடுக்கில் இருந்த முன்பாகமும் கீழடுக்கில் இருந்த கையும் ஒரே பனியனில் சேர்ந்துவிட்டால், தைத்து முடித்து வெளிச்சத்தில் பிடிக்கையில் கை வேறாகவும் உடல் வேறாகவும் தெரியும். அதனால்தான் வெட்டிய ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு சிறிய நம்பர் ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. எந்த லே (ஒரே தடவையில் விரித்து வெட்டிய துணி), எந்த அடுக்கு, எந்த சைஸ் என்பதை அந்த ஒட்டு சொல்லும். ஒட்டு விழுந்துபோன துண்டு எவ்வளவு நன்றாக வெட்டப்பட்டிருந்தாலும் எந்த உடலோடு சேர வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் மேசை ஓரத்தில் கிடக்கும். ஸ்கிரீன் ஷாட்டும் திரையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டுதான். எந்த ஆர்டர், எந்த ஸ்டைல், யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்ற ஒட்டு இல்லாமல் சேமிக்கப்பட்டால் அதன் கதியும் அதுவே.

இதன் காரணம் ஸ்கிரீன் ஷாட்டின் இயல்பிலேயே இருக்கிறது. கணினித் திரை என்பது புள்ளிகளால் ஆனது. இன்று பரவலாக உள்ள 1920க்கு 1080 அளவுத் திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள் கணினியின் நினைவகத்தில் வரிசையாக எழுதப்பட்டு, திரை அவற்றைப் படித்து ஒளிர்கிறது. ஸ்கிரீன் ஷாட் எடுப்பது என்றால், அந்த நொடியில் நினைவகத்தில் உள்ள அந்த எண்களை அப்படியே படியெடுப்பது. ஆகவே திரையில் வரையப்பட்டது மட்டுமே படத்தில் வரும். அதற்குப் பின்னால் இருந்தது வராது. எக்செல் கட்டத்தில் தெரிந்த தொகை வரும், அத்தொகையைக் கூட்டித்தந்த கணக்கு வராது; மின்னஞ்சலின் வாசகம் வரும், அது எந்தச் சர்வரிலிருந்து எந்த நொடியில் புறப்பட்டது என்பதைக் காட்டும் தலைக்குறிப்பு வராது. மூல ஆவணத்தோடு பிறந்த அடையாளங்கள் அனைத்தும் இந்த ஒரு செயலில் உதிர்ந்துவிடுகின்றன. உதிர்ந்தவற்றுக்கு ஈடாக எடுப்பவரே புதிய அடையாளத்தைக் கட்டிவைக்க வேண்டியிருக்கிறது.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விசைப்பலகையில் இருந்த பிரிண்ட் ஸ்கிரீன் விசை, பெயருக்கேற்பத் திரையில் உள்ள எழுத்துகளை நேரே பிரிண்டருக்கு அனுப்பியது. விசையை அழுத்தினால் கையில் காகிதம் வந்தது. அதில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் கோத்துவிட முடிந்தது. விண்டோஸ் வந்தபின் அதே விசை திரையின் படத்தைக் கிளிப்போர்டு எனப்படும் தற்காலிக இடத்தில் வைப்பதோடு நின்றுகொண்டது. பெயர் மாறாமல் தொழில் மாறிய இந்த விசைதான் இன்றுவரை நீடிக்கும் ஒரு குழப்பத்தின் வேர்: எடுத்தாயிற்று என்று நினைப்பவர் பலர் சேமித்திருப்பதில்லை.

கிளிப்போர்டு என்பது அடுத்த பொருள் வரும்வரை ஒன்றைப் பிடித்திருக்கும் கை போன்றது. வேறு எதையேனும் காப்பி செய்தால் முந்தையது நழுவும். கணினி அணைந்தால் அதுவும் போகும். 2018-க்குப் பிந்தைய விண்டோஸில் விண்டோஸ் விசையையும் வி விசையையும் சேர்த்து அழுத்தினால், அந்த வசதி முன்பே இயக்கிவைக்கப்பட்டிருக்குமானால், கடைசி 25 பொருள்களைத் திரும்பப் பெறலாம் என்றாலும், அதையும் நிலையான சேமிப்பாக எண்ண முடியாது. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், விண்டோஸ் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினால் முழுத்திரையும் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற உள்ஃபோல்டரில் தானாகவே சேமிக்கப்படுகிறது. ஆல்ட் விசையோடு அழுத்தினால் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு விண்டோ மட்டும் கிளிப்போர்டுக்குப் போகிறது. விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் திரை மங்கி, வேண்டிய பகுதியை மட்டும் இழுத்து வெட்டிக்கொள்ள ஸ்னிப்பிங் டூல் திறக்கிறது. ஆப்பிள் கணினியில் கமாண்ட், ஷிஃப்ட், 3 முழுத்திரையையும், 4 ஒரு பகுதியையும் டெஸ்க்டாப்பில் கோப்பாக வைத்துவிடுகின்றன.

மெர்ச்சண்டைசர்கள், அதாவது பையருக்கும் உற்பத்திக்கும் இடையே நின்று ஒவ்வொரு ஆர்டரையும் தொடக்கம் முதல் கப்பல் வரை நடத்திச்செல்பவர்கள், பகுதியை மட்டும் வெட்டும் வழியையே விரும்புகிறார்கள். அது விரைவானது, வேண்டாததை மறைக்கிறது, வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பத் தோதானது. ஆனால் சான்றாக வைத்திருக்க வேண்டிய எதற்கும் இவ்வழி ஏற்றதன்று. மின்னஞ்சலின் நடுவிலிருந்து ஒரு வரியை மட்டும் வெட்டினால், அனுப்பியவர் பெயரும் நாளும் முன்பின் வாசகங்களும் கத்திரிக்கு வெளியே விழுந்துவிடுகின்றன. முழுத்திரையாக எடுத்தால் பிரௌசரின் முகவரிப் பட்டையும், கீழ்மூலையில் உள்ள கடிகாரமும், உள்நுழைந்திருப்பவர் பெயரும் படத்துக்குள் வருகின்றன. கடிகாரத்தை மாற்ற முடியும் என்பது உண்மையே ஆயினும், அது இருக்கும் படத்தை மற்றக் குறிப்புகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும். இல்லாத படத்தில் ஒப்பிட ஒன்றுமில்லை. பகுதிப் படம் பேசுவதற்கு, முழுப் படம் வைத்திருப்பதற்கு என்ற எளிய பிரிவினையைக் கடைப்பிடித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

எடுத்ததை எந்த வடிவில் சேமிப்பது என்பது அடுத்த கேள்வி. பின்னலாடைத் தொழிலில் இதன் விளைவு நேரே கத்திரியில் தெரியும். பையர் அனுப்பும் டெக் பேக் என்பது ஆடையின் வரைபடம், தையல் வகை, லேபிள் வைக்கும் இடம், ஒவ்வொரு சைஸுக்குமான அளவுப் பட்டியல் ஆகியவை அடங்கிய ஆவணம். அதன் அளவுப் பட்டியலில் எண்கள் அங்குலப் பின்னங்களாக இருக்கும்: மார்பு 20 5/8, கழுத்து ஆழம் 3 3/8, கை நுனி 6 1/8 என்பதுபோல. இந்தப் பட்டியலை ஒருவர் ஸ்கிரீன் ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்ப, பெறுபவர் அதைத் தன் கைப்பேசித் திரையிலிருந்து மீண்டும் ஸ்கிரீன் ஷாட் எடுத்துப் பேட்டர்ன் மாஸ்டருக்கு அனுப்ப, அவர் அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுகையில், மூன்றாம் கை மாறிய அந்தத் தாளில் 3/8 எது, 5/8 எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். கால் அங்குலம் என்பது பல அளவுகளுக்குப் பையர் தரும் சகிப்பெல்லையையே தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும்.

எழுத்து இப்படிக் கரைவதன் காரணம் ஜே.பி.இ.ஜி. என்ற வடிவம். 1992-இல் தரப்படுத்தப்பட்ட இம்முறை புகைப்படங்களுக்காக வகுக்கப்பட்டது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் அதிகம் பொருட்படுத்தாத நுண்வேறுபாடுகளை நீக்கிக் கோப்பைச் சுருக்குகிறது. முகமோ, மரமோ, மடித்து வைத்த துணியோ ஆனால் இந்த இழப்பு தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கூர்மையான கருப்புக் கோடுகளாக இருக்கும் எழுத்தில், நீக்கப்படுகிற அந்த நுண்வேறுபாடுதான் எழுத்தின் விளிம்பு. மாறாக, 1996-இல் வெளியான பி.என்.ஜி. வடிவம் ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் சுருக்குவது. ஒரே நிறம் நீளமாகப் பரவியிருக்கும் இடங்களைக் குறைந்த இடத்தில் எழுதிவிடும் என்பதால், அட்டவணைகளுக்கும் மின்னஞ்சல்களுக்கும் அதன் கோப்பு பல வேளை ஜே.பி.இ.ஜி.யைவிடச் சிறியதாகவும் இருக்கும். எழுத்தும் எண்ணும் உள்ள திரைக்குப் பி.என்.ஜி., வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அல்லாமல் டாகுமெண்ட்டாக என்ற இரண்டு பழக்கங்களும் ஒரு பைசாச் செலவில்லாதவை. அதனினும் மேலானது, அளவுப் பட்டியல் எக்செல் கோப்பாகவே கையிலிருக்கும்போது படத்தை அனுப்பாமல் கோப்பையே அனுப்புவது. படத்தைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்யும் ஒவ்வொரு முறையும் பிழைக்கு ஒரு கதவு திறக்கிறது.

எண்ணை ஓரளவு காப்பாற்றும் ஸ்கிரீன் ஷாட், நிறத்தைக் காப்பாற்றுவதே இல்லை. சாயப்பட்டறையில் சிறு துண்டுத் துணியில் நிறத்தை மாதிரிக்காக ஏற்றிப் பையரின் ஒப்புதலுக்கு அனுப்புவதை லேப் டிப் என்பர். ஒரு நிறத்துக்கு ஏ, பி, சி என்று இரண்டு மூன்று சாயல்கள் அட்டையில் ஒட்டப்பட்டுக் கூரியரில் போகும். பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65, ஐரோப்பியக் கடைகளின் வெளிச்சத்தைப் போன்ற டி.எல்.84 முதலிய விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள் வைத்து அவற்றைப் பார்ப்பது முறை. ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போகும் இரண்டு துணிகள் மறு விளக்கின் கீழ் பிரிந்து தெரியக்கூடும் என்பதே இத்தனை விளக்குகளுக்குக் காரணம். துணியின் நிறம் அதன்மேல் விழும் ஒளியோடு சேர்ந்தே பிறக்கிறது. திரையில் தெரிவதோ மூன்று ஒளிகளின் கலவை. ஒரே எண் ஒரு மானிட்டரில் கடல் பச்சையாகவும் மற்றொன்றில் மயில் கழுத்தாகவும் தெரியலாம். மாலை நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், பார்ப்பவர் கண்டது ஒரு நிறம், எடுத்த ஸ்கிரீன் ஷாட்டில் பதிந்தது வேறு நிறம் என்றாகிறது. அந்த மஞ்சள் படமெடுக்கப்படும் நிலைக்குப் பின்னால் சேர்க்கப்படுவதால் படத்தில் வருவதில்லை. அவசரத்தில் லேப் டிப்பை வீடியோ அழைப்பில் காட்டி, அந்தத் திரையை ஸ்கிரீன் ஷாட் எடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டதாகக் கருதி டன் கணக்கில் சாயமேற்றுவது மிகுந்த ஆபத்துள்ள செயல். அப்படத்தால் ஒப்புதல் கிடைத்தது என்பதை மட்டுமே காட்ட முடியும்; எந்த நிறத்துக்குக் கிடைத்தது என்று காட்டவே முடியாது.

எடுத்த படத்தில் மறைக்க வேண்டியதை மறைப்பதும் நினைப்பது போல் எளிதன்று. நூல் விலை, பின்னல் கூலி, சாயக் கூலி, தையல் கூலி, துணைப்பொருள்கள், இலாபம் என்று வரிவரியாக எழுதிய காஸ்டிங் ஷீட்டை ஸ்கிரீன் ஷாட் எடுத்து எக்செலில் ஒட்டி, மேல் வரிகளை மட்டும் தெரியவிட்டு இலாப வரியைக் கிராப் செய்து பையருக்கு அனுப்புவதாகக் கொள்வோம். எக்செல், வேர்டு, பவர்பாயிண்ட் மூன்றிலும் கிராப் என்பது பொதுவாகப் படத்தை வெட்டுவதன்று. வெட்டிய பகுதியை மறைத்துவைப்பது மட்டுமே. பெறுபவர் அதே படத்தைச் சொடுக்கி ஓரத்தை இழுத்தால், மறைந்த வரிகள் அத்தனையும் திரும்ப வரும். வெட்டிய பகுதிகளை நிரந்தரமாக நீக்கும் கட்டளை தனியாக உள்ளது. அதைத் தேடிச் செய்தாலன்றி நீங்காது. 2023-இல் இதைவிட ஆழமான ஒரு குறை வெளிப்பட்டது. கூகுள் பிக்சல் கைப்பேசிகளின் படத்திருத்தியிலும் விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலிலும், சேமித்த படத்தை வெட்டி அதே கோப்பின்மேல் மீண்டும் சேமித்தால், புதிய சிறிய படத்துக்குப் பின்னால் பழைய படத்தின் எச்சம் கோப்புக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைக்கொண்டு வெட்டிய பகுதியை மீட்டெடுக்க முடிந்தது. அக்குறைக்குத் திருத்தங்கள் வெளியிடப்பட்டன என்றாலும், அதற்கு முன் அனுப்பிய படங்களை எந்தத் திருத்தமும் திரும்ப அழைக்காது.

தொழிலாளரின் ஆதார் அட்டையும், வருங்கால வைப்புநிதிக் கணக்கும், வங்கிப் புத்தகமும் பனியன் கம்பெனிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஸ்கிரீன் ஷாட்டுகளாகச் சுற்றிவருவதை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து பவர் டேபிளில், அதாவது தையல் மேசையில், உட்காரும் ஒருவர், தன் எண்கள் எத்தனை கைப்பேசிகளில் கிடக்கின்றன என்பதை அறிய வழியே இல்லை. கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையமே தன் இணையதளத்தில் தருகிறது. அதைப் பெற்றுக்கொள்ள ஆகும் இரண்டு நிமிடத்தைச் செலவிடுவது அத்தொழிலாளிக்குக் கம்பெனி செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

அதே தொழிலாளர்களைக் குறித்த படங்கள் 2023 மார்ச் முதல் வாரத்தில் இந்த ஊரையே உலுக்கின. வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகச் சொல்லித் தொடர்பற்ற நிகழ்வுகளின் வீடியோக்கள் பரவ, அச்சமுற்ற குடும்பங்கள் ஊரிலிருந்து அழைக்க, தமிழ்நாடு காவல்துறை அவை பொய் என்று மறுக்க, பீகார் அரசின் குழுவொன்று திருப்பூருக்கும் கோவைக்கும் நேரில் வந்து நிலைமையை அறிந்துசென்றது. எங்கு, எப்போது எடுக்கப்பட்டது என்ற ஒட்டில்லாத காட்சிகளுக்கு எவர் வேண்டுமானாலும் எந்த ஒட்டையும் ஒட்டலாம் என்பதை அந்த வாரம் காட்டியது.

பண விஷயத்தில் இதே ஏமாற்று சிறிய அளவில் நாள்தோறும் நடக்கக்கூடியது. காதர்பேட்டையின் மொத்த விற்பனைக் கடைகளில் மூட்டை கட்டும் நேரத்தில் யு.பி.ஐ. மூலம் பணம் போட்டாயிற்று என்று ஒரு ஸ்கிரீன் ஷாட் காட்டப்பட்டால், பச்சை நிற டிக் குறியைக் கண்டதும் சரக்கை விட்டுவிடும் மனம் இயல்பானது. அப்படியொரு பக்கத்தைப் போலியாக வரைந்து காட்டும் செயலிகள் இருக்கின்றன. உண்மையான பரிமாற்றத்துக்கு 12 இலக்கக் குறிப்பெண் ஒன்று இருக்கும். நெஃப்ட்டில் 16, ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் 22 எழுத்துகள் கொண்ட யு.டி.ஆர். எண் இருக்கும். ஆனால் எண் இருப்பதால் மட்டும் பணம் வந்துவிட்டதாகாது. சொந்த வங்கிக் கணக்கில் வரவு ஏறியிருப்பதைப் பார்த்தபின்பே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டுப் பையர் அனுப்பும் ஸ்விஃப்ட் காப்பியின் (பணம் அனுப்பியதைக் காட்டும் வங்கிச் செய்தி நகலின்) படத்துக்கும் இதுவே பொருந்தும். வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலின் ஸ்கிரீன் ஷாட்டை யாருக்கும் அனுப்புவதற்கு முன், பழைய தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்பதே பாதுகாப்பு.

மறுபுறம், ஸ்கிரீன் ஷாட் எடுத்துவைக்காததால் பட்ட துன்பத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரியின் தொடக்க காலம் சாட்சி. 2017 ஜூலை 1 அன்று வரி நடைமுறைக்கு வந்தபோது, பழைய வரிமுறையில் சேர்ந்திருந்த உள்ளீட்டு வரி வரவைப் புதிய முறைக்குக் கொண்டுவர டிரான்-1 என்ற படிவத்தை இணையதளத்தில் 2017 டிசம்பர் 27-க்குள் ஏற்ற வேண்டியிருந்தது. நாடெங்கும் பலருக்கு இணையதளம் இடையில் நின்றது, பிழை காட்டியது, ஏற்றாமல் திருப்பியது. 2018 ஏப்ரல் 3 அன்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை, தொழில்நுட்பக் கோளாறால் தவறவிட்டவர்களுக்கு ஒரு குறைதீர்ப்பு வழியை ஏற்படுத்தியதோடு, உண்மையாகவே முயன்றதற்கான சான்றையும் இணைக்கச் சொன்னது. இரவு பதினொரு மணிக்கு வந்த பிழைச் செய்தியைப் படமெடுத்து வைத்திருந்தவர் அதை நீட்ட முடிந்தது; மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திரையை மூடியவருக்குச் சொல்லைத் தவிர வேறு துணையில்லை. உயர்நீதிமன்றங்கள் பலவற்றில் வழக்குகள் நடந்து, 2022 ஜூலை 22-இல் உச்ச நீதிமன்றம் ஃபில்கோ டிரேட் சென்டர் வழக்கில் இணையதளத்தை அனைவருக்கும் இரண்டு மாதம் திறந்துவிட ஆணையிட்ட பிறகே அவ்விவகாரம் பெரும்பாலும் அடங்கியது. ஐந்தாண்டுக் காலம் முடங்கிய மூலதனம், சிறிய ஜாப் ஒர்க் பட்டறைக்குச் சிறிய தொகையன்று.

நீதிமன்றம் வரை போகும் ஸ்கிரீன் ஷாட்டுக்குச் சட்டம் தனியாக ஓர் ஒட்டைக் கேட்கிறது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வழியாக இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு சேர்க்கப்பட்டு, கணினியிலிருந்து எடுத்த நகலைச் சாட்சியமாக்க ஒரு சான்றிதழ் தேவை என்றானது. அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014-இலும், அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் 2020 ஜூலை 14-இலும் உச்ச நீதிமன்றம், மூலக் கருவியையே நேரில் காட்டினாலன்றி இச்சான்றிதழ் கட்டாயம் என்று உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இதையே தொடர்ந்து, சான்றிதழின் படிவத்தை ஏ, பி என இரு பகுதிகளாக்கியிருக்கிறது: ஒன்றை ஆவணத்தைத் தருபவரும் மற்றொன்றை வல்லுநரும் நிரப்ப வேண்டும். அப்படிவம் கோப்பின் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறது. ஹேஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் நிலையான நீளமுள்ள எழுத்துச் சரம், எஸ்.ஹெச்.ஏ.-256 முறையில் அது 64 எழுத்துகள் நீளும். கோப்பில் ஒரே ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் அந்தச் சரம் முற்றிலும் வேறாகிவிடும். விண்டோஸிலேயே இதைக் கணக்கிடும் கட்டளை உள்ளது. எடுத்த அன்றே ஹேஷைக் குறித்துவைத்த படத்தை, நான்கு ஆண்டு கழித்தும் அன்று இருந்தபடியே இருக்கிறது என்று காட்டலாம். அன்றே அது உண்மையாக இருந்ததா என்பதற்கு மட்டும் மூல மின்னஞ்சலும் மூலக் கைப்பேசியும் வேண்டும். அதனால் ஸ்கிரீன் ஷாட் எடுத்துவிட்டோம் என்று மூலத்தை அழிப்பது, சாம்பிளைப் புகைப்படம் எடுத்துவிட்டுச் சாம்பிளைத் தூக்கியெறிவதற்குச் சமம்.

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூரின் அலுவலகங்களில் விலைக்குறைப்பு, நிறுத்திவைப்பு, வரியைப் பகிர்ந்துகொள்வது பற்றிய பேச்சுகள் பெருகின. அத்தகைய பேச்சுகளில் கணிசமானவை வாட்ஸ்அப்பில் நடப்பவை; அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தவும், இரண்டு நாளுக்கும் சற்றுக் கூடுதலான காலம் வரை அனைவருக்கும் அழிக்கவும் அச்செயலி இடமளிக்கிறது. அங்கே ஸ்கிரீன் ஷாட் தேவைதான். அதே நாளில் அந்தப் பேச்சின் சாரத்தை ஒரு மின்னஞ்சலாக எழுதி, படத்தையும் இணைத்துப் பையருக்கே அனுப்பி, இப்படித்தானே பேசினோம் என்று கேட்டுவிட்டால், அப்படம் இரு தரப்பும் அறிந்த ஆவணமாகிறது. மறுப்பு இருந்தால் அன்றே தெரிந்துவிடும். பையர் தொகையைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நல்ல கம்பெனிகளில் பையர் ஒப்புதல் தந்த சீல்டு சாம்பிளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே, படங்களை வைக்கும் முறையும் விளங்கிவிடும். ஆடையில் ஓர் அட்டை கட்டியிருக்கும்; அதில் ஸ்டைல் நம்பர், சைஸ், நிறம், ஒப்புதல் நாள், கையெழுத்து, அவிழ்த்தால் தெரிந்துவிடும் முத்திரை. விண்டோஸ் தானாகச் சூட்டும் பெயரில் இவற்றில் ஏறத்தாழ எதுவும் இல்லை. பழைய முறையில் ஸ்கிரீன்ஷாட் 1, ஸ்கிரீன்ஷாட் 2 என்று எண்ணிக்கொண்டே போகும், புதிய முறையில் நாளும் நேரமும் மட்டும் இருக்கும். ஆண்டு, மாதம், நாள், பையர், ஸ்டைல் நம்பர், பொருள் என்ற வரிசையில் பெயரை மாற்றி, அந்த ஆர்டரின் ஃபோல்டரில் போட அரை நிமிடம் ஆகும். ஆண்டை முதலில் எழுதுவதன் பயன், பெயர் வரிசையில் அடுக்கினால் கால வரிசையும் தானாக அமைவது. திருத்தம் செய்த படம் வேறு பெயரில் இருக்க வேண்டும். அம்புக்குறியும் சிவப்பு வட்டமும் போட்ட படி தையல் லைனுக்குப் போகட்டும், தொடாத படி ஃபோல்டரில் இருக்கட்டும். தமிழும் இந்தியும் ஒடியாவும் ஒரே லைனில் பேசப்படும் இடத்தில், தையல் எங்கே தவறு என்று வட்டமிட்டுக் காட்டும் அந்தச் சிவப்புக் கோடு பல வேளைகளில் சூப்பர்வைசரின் பத்து வாக்கியங்களைவிடத் தெளிவாகப் பேசுகிறது.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதற்கும் அளவுகோல் உண்டு. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. ஆறு ஆண்டுக்கு ஒரு கைப்பேசி நிலைப்பதில்லை. மெர்ச்சண்டைசரும் அதே நாற்காலியில் இருப்பதில்லை. திருப்பூரில் மெர்ச்சண்டைசர்கள் ஒரு கம்பெனியிலிருந்து மறு கம்பெனிக்கு மாறுவது சாதாரணம். சீசன் நடுவில் ஒருவர் விலகிப்போகையில் மேசைச் சாவியையும் அலுவலக சிம் கார்டையும் கொடுத்துவிட்டுப் போகிறார். இரண்டு ஆண்டுப் பேச்சுவார்த்தை அவருடைய சொந்தக் கைப்பேசியின் கேலரியில், குழந்தையின் பிறந்தநாள் படங்களுக்கும் கோயில் படங்களுக்கும் இடையே, பெயரில்லாமல் போய்விடுகிறது. அடுத்த வாரம் அதே ஸ்டைலுக்கு ரிப்பீட் ஆர்டர் வரும்போது, புதிதாக வந்தவர் அலமாரியில் தொங்கும் சீல்டு சாம்பிளை எடுத்து அட்டையைப் படிக்கிறார். கீழ் மடிப்பு முக்கால் அங்குலம் என்று அட்டை சொல்கிறது, டெக் பேக் ஓர் அங்குலம் என்கிறது. மாற்றச் சொல்லிப் பையர் எழுதிய வரி சர்வரில் ஸ்டைல் நம்பரின் ஃபோல்டருக்குள் முழுத்திரையாக, நாளோடு இருந்தால், கட்டிங் அன்று மதியமே தொடங்கும்.